தேய்ந்த பல்லின் அளவு

தேனியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேனுக்குச் சக்கரங்கள் இல்லை. நான்கு கருங்கற்களின் மேல் நிற்கிறது. பின்பக்கம் கேட்டைப் பார்த்தும், இடப்பக்கம் மதில் சுவரை ஒட்டியும் இருக்கும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. அப்படி நிறுத்தச் சொன்னது நான்தான். இன்ஜின் பின்னால் இருக்கிற வண்டி அது. கேட்டைத் திறந்ததும் மெக்கானிக் நேராக வேலையைத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஏற்பாட்டில் இருந்த பிழையை வெகு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

நான் நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைகிறவன். வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே டைரி எழுதுகிறேன். எழுந்த நேரம், உண்டது, போன இடம், பார்த்த ஆட்கள், முடித்த வேலை, முடிக்காத வேலை, இந்த வரிசையில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வேன் வந்த பிறகு அதற்கென்று தனி நோட்டு ஒன்று போட்டேன். இதை எழுதும்போது அந்த நோட்டு பக்கத்தில்தான் இருக்கிறது.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்து ஏழு வருடமாகிறது. அவளால் படுக்க முடியும், நிற்க முடியும், கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்க முடியும். உட்காரத்தான் முடியாது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகும். பிறகு இரண்டு நாள் வலி. பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் நின்றபடியே பாடம் நடத்தியவள் அவள். உட்கார முடியாவிட்டால் என்ன போய்விடும் என்றுதான் முதலில் நாங்கள் இருவரும் நினைத்தோம். பஸ், கார், ஆட்டோ எல்லாமே உட்காருகிறவர்களுக்காகச் செய்தவை என்பது பிறகுதான் உறைத்தது. வாடகை வேன் ஒன்றில் பின் சீட்டைக் கழற்றி மெத்தை விரித்துப் பார்த்தோம். வேனின் நீளம் போதவில்லை. முழங்காலை மடக்கிப் படுத்தவள் அல்லிநகரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தாள். படுத்துக்கொண்டு போக இந்த ஊரில் இருக்கிற ஒரே வண்டி ஆம்புலன்ஸ்.

"ஆம்புலன்ஸ்ல என்னைய ஏத்தணும்னா எனக்கு நெனவு இல்லாம இருக்கணும்," என்றாள். "நெனவோட நான் அதுல ஏற மாட்டேன்."

இரண்டு வருடம் அவள் வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

அப்போதுதான் போடியில் அந்த வேன் விலைக்கு வந்தது. ஜெர்மனியில் செய்த வண்டி. வயது ஐம்பதுக்கு மேல். ஸ்டியரிங் இடப்பக்கம். தரைவழியாக நாடு நாடாகச் சுற்றி வந்த யாரோ மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். உள்ளே சின்னத் தொட்டி ஒன்று, மடக்கு மேசை ஒன்று, தூக்கித் திறக்கிற கூரை. இடப்பக்க ஜன்னலை ஒட்டி ஆறடி இரண்டங்குலத்தில் ஒரு படுக்கை. அந்தப் படுக்கையை அளந்த அன்றே வாங்கிவிட முடிவு செய்தேன். மற்றதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டியது இன்ஜினை. பழைய பெட்ரோல் இன்ஜின் எப்போதோ செத்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஜீப்பின் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. போடியில் இது ஆச்சரியம் இல்லை. விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில், பிறந்தபோது இருந்த இன்ஜினோடு ஓடுகிறவை மிகக் குறைவு. ஒன்றின் பிளாக், இன்னொன்றின் ஹெட், மூன்றாவதின் பம்பு என்று கூட்டிச் சேர்த்து ஓட்டுவார்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அதைக் குறையாக நினைப்பதில்லை. வண்டி மலையேறினால் சரி.

மூன்று வருடம் அந்த வேன் ஓடியது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு நாங்கள் கிளம்புவோம். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டேன். அவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். ஆனால் படுத்திருக்கிறவருக்குத் தெரிவது உலகத்தின் மேல் பாதிதான். கம்பிகள், மர உச்சிகள், மாடிகளில் காயும் துணி, கடைப் பலகைகளின் மேல் வரி. சில மாதங்களில் அதை வைத்தே அவள் வழி சொல்லப் பழகிவிட்டாள்.

"எங்க வந்திருக்கோம்?" என்று முன்னாலிருந்து கேட்பேன்.

"சின்னமனூரு. தண்ணித் தொட்டில ரெண்டு பேரு ஏறி நிக்கிறாக, பெயிண்டு அடிக்கிறாக போல."

"இப்ப?"

"பள்ளிவாசல் தெரியுது. உத்தமபாளையம். ஒரு காத்தாடி வயர்ல மாட்டிக் கெடக்கு. போன தடவையும் அங்கனதான் கெடந்துச்சு."

லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள்தான் அவளுக்கு மிகவும் பிடித்தவை. படுத்தபடியே முழுசாகப் பார்க்க முடிகிற ஒரே பொருள் அவைதான் என்பாள். அதற்குக் கீழே வண்டியை நிறுத்தி, அடுப்பில் டீ போட்டுக் கொடுப்பேன். நான் கீழே நின்று குடிப்பேன், அவள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி வாங்கிக் குடிப்பாள்.

ஒரு ஞாயிறு மாலை நாங்கள் திரும்பி வரும்போது, வீரபாண்டிக்கு முன்னால், வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடியது. கியர் விழுந்தது. சக்கரம் மட்டும் திரும்பவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் எதையோ அரைக்கிற சத்தம் வந்தது. வழியில் போன ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவளுக்கு அன்று வருத்தமே இல்லை. "மெதுவா இழுக்கச் சொல்லுங்க, இந்த வேகத்துலதான் எல்லாம் நல்லாத் தெரியுது," என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

மறுநாள் கழற்றிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இன்ஜின் ஜீப்புடையது. கியர்பாக்ஸ் வேனுடைய பழையதே. இரண்டின் தண்டுகளும் ஒன்றையொன்று எட்டாது. அதனால் நடுவில் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் உருக்குக் குழாயைச் சொருகியிருந்தார்கள். உள்ளே சுற்றிலும் பற்கள். ஒரு முனையில் ஜீப்பின் தண்டு நுழையும், மறு முனையில் வேனின் தண்டு. கப்ளிங் என்று பெயர். வேன் பக்கத்துப் பற்கள் தேய்ந்து வழுக்கிவிட்டன. ஜீப்புக்கு உதிரிபாகம் தேனியில் கிடைக்கும். வேனுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். இந்தக் குழாய் இரண்டுக்கும் சொந்தமில்லை. இதற்குப் பாக எண்ணும் இல்லை, பெட்டியும் இல்லை.

அதைப் போட்டவரைத் தேடிப் போடிக்குப் போனேன். ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. என் வயதுதான் இருக்கும்.

"இந்த வேனுக்கு இன்ஜின் மாத்துனது நீங்கதான?"

"ஆமா. ஓடுச்சுல்ல?"

"மூணு வருசம் ஓடுச்சு. இப்ப கப்ளிங் போயிருச்சு."

வாங்கி வெயிலில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். "நாம போட்டதுதான். எதுல இருந்து எடுத்தேன்னுதான் தெரியல."

"எழுதி வைக்கலையா?"

"ஏன் சார், காலையில எத்தன இட்லி தின்னீகன்னு எழுதியா வைக்கிறீக?"

எழுதித்தான் வைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "பவர் டில்லரா இருக்கும். இல்லாட்டி ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல கெடந்த மிசினா இருக்கும். அப்ப கையில என்ன கெடச்சுச்சோ அதப் போட்டிருப்பேன்," என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பி, கைப்பிடித்து உழுகிற பவர் டில்லரை வீடு வீடாகத் தேடினேன். பொட்டிப்புரத்தில் ஒரு சம்சாரியின் தொழுவத்தில் பழைய டில்லர் ஒன்று கிடந்தது. என் பேச்சை நம்பி அவரே அதைப் பிரித்துக் காட்டினார். பதினெட்டுப் பற்கள். எனக்கு வேண்டியது இருபத்திரண்டு. வடுகபட்டியில் பூண்டு வியாபாரி ஒருவர் தம் தோட்டத்து டில்லரைக் காட்டினார். இருபத்திரண்டு இருந்தது. குழாயின் வாய் நான்கு மில்லிமீட்டர் சிறியது. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாள் அலுவலகம். காலை எட்டு மணிக்குச் சோற்றையும் குழம்பையும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டுக் கிளம்புவேன். எதிர்வீட்டு அம்மாள் நடுவில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார். நான் திரும்ப மாலையாகிவிடும்.

தேனியில் உதிரிபாகக் கடைகள் எதையும் விடவில்லை. ஒரு கடைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினார். "வண்டி வேனு. இன்ஜின் ஜீப்பு. நீங்க கேக்குறது இந்த ரெண்டுலயும் இல்லாத சாமான். அப்பறம் எங்கிட்ட எதுக்கு சார் வந்தீக?"

இந்த வகை வேன் வைத்திருக்கிறவர்களுக்கு இணையத்தில் உலகளாவிய குழு ஒன்று உண்டு. அதில் படங்களைப் போட்டு உதவி கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பதினேழு பதில்கள் வந்தன. எந்த வருடத்து வண்டி, எந்த வரிசை எண் என்று அன்பாகக் கேட்டார்கள். இன்ஜின் படத்தைப் போட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அழுகிற முகம் ஒன்றை ஒருவர் அனுப்பினார். அந்த வண்டிக்குள் என்ன அது என்று இன்னொருவர் கேட்டார்.

உத்தமபாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். கடைக்குள்ளே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"சாம்பிள வச்சிட்டுப் போங்க சார். லோடு வரும்போதெல்லாம் உள்ள விட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். என்னைக்காச்சும் ஒண்ணு ஒக்காந்துரும்."

எங்கள் பக்கத்தில் உதிரிபாகம் தேடுவதே அப்படித்தான். யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை. உடைந்ததைக் கையில் கொண்டுபோய்க் கல்லாவில் வைக்க வேண்டும். கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். சாம்பிள் இல்லாமல் போனால் பேச்சே எடுபடாது. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. இருப்பதே ஒரு கப்ளிங். அதையும் இரும்புக் குவியலுக்குள் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

"சாம்பிளுக்குப் பதிலா படம் தர்றேன் பாய்," என்று நான் வரைந்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

அது நல்ல வரைபடம். இன்றும் அப்படித்தான் சொல்வேன். வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு பல்லையும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்து, முன்தோற்றம், குறுக்குவெட்டு, பல்லின் பெரிதாக்கிய தோற்றம் என்று மூன்றாகப் போட்டிருந்தேன். மழையில் நனையாதபடி லேமினேட் செய்திருந்தேன்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு. மாட்டி வைக்கலாம். ஆனா பல்லுக்குள்ள பல்ல விட்டுப் பாத்தாத்தான சார் எனக்குத் தெரியும்? படத்த எதுக்குள்ள விடுறது?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தேடுவதை விட்டுப் புதிதாகவே செய்துவிடலாம் என்ற எண்ணம் அன்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. படம்தான் இருக்கிறதே.

தேனியில் இரும்பைக் கடைந்து கொடுக்கும் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கேயும் முதல் கேள்வி அதுதான். "சாம்பிள் இருக்கா சார்?"

"எல்லாம் படத்துல இருக்கு. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் குடுத்திருக்கேன்."

லேத்துக்காரர் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கு. இத வச்சே பண்ணிரலாம்." பற்களை வெட்டும் வேலையை மதுரைக்கு அனுப்பி வாங்கினார். பதினொன்றாம் நாள் கப்ளிங் என் கைக்கு வந்தது. பட்டறையிலேயே நின்று வெர்னியர் வைத்து அளந்தேன். ஓர் அளவுகூடத் தப்பவில்லை. நோட்டில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே சிவப்பு மையால் சரி போட்டேன். அன்று அவளிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "எல்லாத்துக்கும் டிக்கா? என் கிளாஸுப் பிள்ளைக யாரும் இப்பிடி மார்க்கு வாங்குனதில்ல," என்றாள்.

போடி மெக்கானிக் வந்து மாட்டினார். உள்ளே கை விட்டு ஆட்டிப் பார்த்து, "லேசா ஆடுதே சார்," என்றார்.

"பழையது எவ்வளவு ஆடுச்சோ அவ்வளவுதான் ஆடும். அளந்திருக்கேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போல்ட்டுகளை முடுக்கினார்.

சனிக்கிழமை வீரபாண்டி வரை தனியாக ஓட்டிப்போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. ஞாயிறு காலை அவளை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப்புக்குக் கிளம்பினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் வெளியே வருகிறாள். புதுப் புடவை கட்டியிருந்தாள், படுத்துக்கொண்டே போகப்போகிறவள். சின்னமனூர் தொட்டிக்கு நீல நிறம் அடித்துவிட்டார்கள் என்றாள். உத்தமபாளையத்தில் காத்தாடி இல்லை என்றாள். கம்பம் தாண்டி, நாற்பத்து நான்காவது கிலோமீட்டரில், அதே சத்தம் வந்தது. இந்தத் தடவை உரக்க வந்தது. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. குழாய்கள் தெரிகிற வளைவு இன்னும் சில கிலோமீட்டர் முன்னால் இருந்தது.

வெயில் ஏற ஏற வேனின் தகரம் காய்ந்தது. அங்கே மரம் இல்லை. இருபுறமும் திராட்சைப் பந்தல்கள்தான். கூரையைத் தூக்கி வைத்தேன். துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தேன். தேனி வரை கட்டி இழுக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பத்தில் இழுவை வண்டி ஒன்று இருந்தது. ஆனால் இழுக்கும் வண்டிக்குள் ஆளைப் படுக்கவைக்கக் கூடாது என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினொன்றேகாலிலிருந்து இரண்டு இருபது வரை அப்படியே இருந்தோம். அதற்குள் அவளுக்குக் கால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கூப்புடுங்க," என்றாள்.

"யாரை?"

"எதக் கூப்புடணுமோ அதத்தான்."

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், மெதுவாகத்தான் தூக்கினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸின் ஜன்னல் பால்நிறக் கண்ணாடி. வெளியே எதுவும் தெரியாது. தேனி வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். "என்னாச்சு, எப்பருந்து?" என்று எதிர்வீட்டு அம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்தார். "ஒண்ணுமில்லக்கா. டூர் போயிட்டு வர்றோம்," என்றாள் இவள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் இழுவை வண்டி வேனைக் கொண்டுவந்து, நான் சொன்னபடி வாசலில் நிறுத்திவிட்டுப் போனது. அந்த வாரம் புதியதையும் கழற்றி, இரண்டு கப்ளிங்கையும் எடுத்துக்கொண்டு லேத்து பட்டறைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். லேத்துக்காரர் பழையதை அப்போதுதான் முதல் முறையாகக் கையில் வாங்கினார். விரலை உள்ளே விட்டுச் சுற்றினார்.

"சார், இது தேஞ்ச பல்லு."

"தெரியும். அதனாலதான் புதுசு செய்யச் சொன்னேன்."

"நீங்க இந்தத் தேஞ்ச பல்லத்தான அளந்திருக்கீக? தேஞ்ச அளவுக்குப் புதுசு செஞ்சு வாங்கிருக்கீக." புதியதைத் தூக்கிக் காட்டினார். "இது போட்ட அன்னைக்கே தேஞ்சது. சாம்பிளக் குடுத்திருந்தா, வழுவழுன்னு இருக்குற எடத்தப் பாத்து இம்புட்டு தேஞ்சிருக்குன்னு கூட்டி வெட்டிருப்பேன். படத்துல அத எழுதலியே நீங்க."

பட்டறையில் மின்சாரம் போயிருந்தது. நான் என் படத்தைப் பார்த்தேன். பல்லின் தடிமன் மூன்று புள்ளி ஒன்று எட்டு. எழுதும்போது எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறேன்.

சரி, இப்போதாவது தடிமனைக் கூட்டி வெட்டலாம் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் அதற்குள் காரியம் மிஞ்சியிருந்தது. ஆடிய கப்ளிங் வேனின் கியர்பாக்ஸ் தண்டையும் கடித்து வைத்திருந்தது. பழைய கப்ளிங் தேய்ந்தபோது தண்டு முழுசாகத்தான் இருந்தது. என் கப்ளிங் மாட்டிய பிறகு அதில் பல்லே இல்லை, மொட்டைக் கம்பியாகிவிட்டது. புதுத் தண்டு வெளிநாட்டில் கிடைக்கிறது. ஆனால் ஜீப்போடு சேர்ப்பதற்காகப் போடி மெக்கானிக் பழைய தண்டை எங்கெங்கோ அறுத்துக் கடைந்திருந்தார். எவ்வளவு கடைந்தார் என்பதைச் சொல்லக்கூடிய பாகம்தான் இப்போது அழிந்திருப்பது.

"கண்ணளவுக்குத்தான் கடஞ்சேன் சார். மாட்டி மாட்டிப் பாத்துக் கடஞ்சேன்," என்றார் அவர். "திரும்பப் பண்ணுனா வருமான்னு சொல்ல முடியாது."

கியர்பாக்ஸை இறக்குவதற்காக வேனைக் கற்களின் மேல் ஏற்றினோம். டயர் வெயிலில் வெடிக்கக் கூடாது என்று சக்கரங்களைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே வரிசையாக அடுக்கி, எது எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று சுண்ணாம்பால் எழுதி வைத்தேன்.

அதன் பிறகும் தேடினேன். அதே வகைப் பழைய வேன் ஒன்று கேரளத்தில் எங்கோ கிடக்கிறது என்று குமுளியில் ஒருவர் சொன்னார். அவருக்குச் சொன்னவரைப் பார்க்கப் போனேன். அவருக்குச் சொன்னவரையும் பார்த்தேன். கடைசியில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் பார்த்தது ஐஸ் விற்கும் வேன், வேறு நாட்டுத் தயாரிப்பு, அதற்கும் கியர்பாக்ஸ் இல்லை. "சாரே, இதுக்கு நான் வேற வழி பறயட்டே? இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டையும் தூரக் கள," என்று இரண்டையும் தூக்கி எறியச் சொன்னார் அங்கிருந்த மெக்கானிக். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜீப்பின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே உள்ளே வைக்கலாமே என்று கேட்டேன். ஜீப்பின் கியர்பாக்ஸ் நீளம், அதை வைத்தால் படுக்கையின் நடுவில் வந்து நிற்கும் என்று கையால் அளந்து காட்டினார். படுக்கை இல்லாவிட்டால் அந்த வேன் எனக்கு எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிறு. குமுளியிலிருந்து திரும்பி வந்து, கை கால் கழுவி, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு எங்கன போனீக?"

"குமுளி."

"மலையில மழை பெஞ்சுச்சா?"

யோசித்தேன். என் சட்டை நனைந்திருக்கவில்லை. அதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. "பாக்கல," என்றேன்.

"லோயர் கேம்ப்பு வழியாத்தான போனீக? குழாயில தண்ணி கசியுமே அந்த எடம், பச்சையா இருக்குமே, இருக்கா?"

"பாக்கல."

"நோட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவள் மல்லாந்து படுத்தபடி நோட்டை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். பல் எண்ணிக்கை, விட்டம், நீளம், கடையின் அடையாளம், ஆளின் பதில். கை வலித்ததும் மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு ஞாயித்துக்கெழம விடாம போயிருக்கீக. பொட்டிப்புரம், வடுகபட்டி, கம்பம், குமுளி. நாலு தடவ லோயர் கேம்ப்பு தாண்டிருக்கீக." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முன்னாடி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நான் ஊரப் பாத்தேன். இப்ப வாராவாரம் நீங்க பாக்கப் போறீக. போயும் பாக்காம வந்திருக்கீக. எனக்கு ஞாயித்துக்கெழமயும் இல்லாமப் போச்சு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இனிமே தேட வேணாம்," என்றாள். "அது கெடைக்காது. உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். தண்டு அழிந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் ஒன்பது மாதம் போயிருக்கிறேன். தேடாமல் வீட்டில் இருந்தால், அந்த மூன்று புள்ளி ஒன்று எட்டை எழுதியவனோடு நாள் முழுக்க இருக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு அவள், "வேனுக்குள்ள கொஞ்சம் படுத்துக்கிறேன்," என்றாள்.

"அது ஓடாது."

"ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? படுக்கத்தான கேட்டேன்."

உள்ளே கூட்டினேன். பல்லி முட்டைகள், எறும்புப் புற்று மண், புழுங்கிய வாடை. மெத்தை விரிப்பை மாற்றினேன். கற்களின் மேல் நிற்பதால் வண்டி உயரமாகிவிட்டது. ஹாலோ பிளாக் கற்களை மூன்று படியாக அடுக்கி, ஆடாமல் இருக்கிறதா என்று ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு அவளைக் கூட்டி வந்தேன். மூன்று படிக்கும் மூன்று தடவை நின்றாள். இடப்பக்கம் திரும்பிப் படுத்ததும் திரையை விலக்கினேன்.

அப்போதுதான் நான் பார்த்தேன். ஜன்னலுக்கு நேரே மதில் சுவர். பாசி படிந்த சிமெண்ட்டுப் பூச்சு, ஒரு நீளமான விரிசல், அதற்கு மேலே ஒரு கை அகலத்துக்கு வானம். எந்தச் சுவரை அவள் தன் அறைக் கட்டிலிலிருந்து ஏழு வருடமாகப் பார்க்கிறாளோ அதே சுவர், இன்னும் பக்கத்தில். வண்டியின் முன்பக்கம் கேட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தால் ஜன்னல் மறுபக்கம் வந்திருக்கும், தெருவும் அதிலுள்ள வேப்பமரமும் தெரிந்திருக்கும். இப்போது திருப்ப முடியாது. சக்கரம் மாட்டலாம். ஆனால் கியர்பாக்ஸ் இறக்கிய பிறகு பிடிப்பில்லாமல் தொங்கும் இன்ஜின் தரையில் இடிக்கும், உருட்டினால் உடையும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

முன்னால் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்துதான் பழக்கம். கை ஸ்டியரிங்கில் இருந்தது. யோசிக்காமலே கேட்டுவிட்டேன்.

"எங்க வந்திருக்கோம்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு மீன்காரர் ஒலிபெருக்கியோடு கடந்து போனார்.

"மேக்க கருத்துக்கிட்டு வருது," என்றாள் பிறகு. "கொடியில துணி கெடக்கு. எடுத்துருங்க. என்னையும் எறக்கி விட்டுருங்க, மேல கூரை ரப்பர் போச்சுல்ல, ஒழுகும்."

முதலில் அவளை இறக்கினேன். மூன்று படிக்கு ஐந்து நிமிடமாயிற்று. துணி எடுக்கப் போகும்போது பாதி நனைந்துவிட்டது.

மழை நான்கு பன்னிரண்டுக்குத் தொடங்கி நான்கு நாற்பதுக்கு நின்றது. மேற்கிலிருந்து வந்தது. எழுதி வைத்திருக்கிறேன்.